பல கணினிகளை ஒரே சீராக வைத்திருக்க எந்தக் கருவி? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் நாலு இடத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உப்புவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக் கணினிக்கூடத்தில் 22, உவர்மலையில் ஒரு டியூட்டரியில் 9, நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் 4, மூதூரில் ஒரு சிறிய அலுவலகத்தில் 6. மொத்தம் 41. முக்கால்வாசி லினக்ஸ், மிச்சம் விண்டோஸ். இதே வேலை செய்கிற தம்பிமாரும் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற ஆசிரியர்களும் கோல் எடுத்துக் கேட்பவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன். ஒரே பதிலைப் பத்துத் தடவை சொல்லாமல் ஒரு இடத்தில் எழுதிவைத்து எல்லோரையும் அங்கே அனுப்புவது என்றால், அதுவும் கான்ஃபிகரேஷன் மேலாண்மைதானே.

கான்ஃபிகரேஷன் மேலாண்மை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு கணினியில் என்ன மென்பொருள் இருக்க வேண்டும், எந்தக் கோப்பில் என்ன எழுதியிருக்க வேண்டும், எந்தச் சேவை ஓட வேண்டும், எந்தப் பயனர் இருக்க வேண்டும் என்பதைக் கோப்பாக எழுதிவைக்கிறோம். எல்லாக் கணினிகளையும் அந்த எழுத்தின்படி கொண்டுவந்து நிறுத்துவது கருவியின் பாடு.

பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். யூனிகோட் வந்து இவ்வளவு காலமாகியும் பழைய வினாத்தாள்கள் பாமினியில் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். 22 கணினியிலும் பென்டிரைவைச் செருகிச் செருகி ஏற்றினால் ஒரு பின்னேரம் போய்விடும். அதையே அன்சிபிள் என்ற கருவிக்கு எழுதினால் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இந்த எழுத்துருக் கோப்பு இந்தக் கோப்புறையில் இருக்கட்டும், உரிமையாளர் ரூட் (லினக்ஸின் நிர்வாகிக் கணக்கு), கோப்பு புதிதாக வந்திருந்தால் மட்டும் எழுத்துருப் பட்டியலைப் புதுப்பி. ஓட்டி முடிந்ததும் கணினிக்கு ஒரு வரி வரும்: ஓகே 3, சேஞ்சுட் 2, அன்ரீச்சபிள் 0, ஃபெயில்டு 0. உடனே இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். சேஞ்சுட் 0 என்று வரும். செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்று பொருள். அந்தப் பூச்சியத்துக்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

பாஷ் ஸ்கிரிப்ட் போதாதா?

பாஷ் ஸ்கிரிப்ட் என்பது லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டுகிற கோப்பு. மூன்று கணினிக்கு அது போதும். அதற்கு மேலே போனால் ஸ்கிரிப்டின் குணம் தெரியவரும். 'ஹோஸ்ட்ஸ் கோப்பின் கடைசியில் இந்த வரியைச் சேர்' என்று எழுதிய ஸ்கிரிப்டைப் பத்துத் தடவை ஓட்டினால் அந்த வரி பத்துத் தடவை இருக்கும். நடுவில் கரண்ட் போனால் எதுவரை முடிந்தது என்று தெரியாது. மறுபடி முதலிலிருந்து ஓட்டவும் பயம். எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே முடிவு வருகிற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதலாம், முடியாததல்ல. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'ஏற்கெனவே இருக்கிறதா' என்று கேட்டுக் கேட்டு எழுதி முடிக்கும்போது, அரைகுறையான ஒரு அன்சிபிளை நீங்களே செய்திருப்பீர்கள். நான் செய்திருக்கிறேன். 600 வரி.

எத்தனை கணினி இருந்தால் இது தேவை?

எண்ணிக்கையை விட, ஒரு கணினியை மறுபடி முழுதாகக் கட்ட எவ்வளவு அடிக்கடி வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். நிலாவெளி விடுதியில் நாலே கணினிதான். ஆனால் கடற்கரையிலிருந்து நூறு யார் தூரம். உப்புக்காற்று மதர்போர்டைத் தின்றுவிடும். அங்கே மாற்றுக் கணினியைக் கொண்டுபோய் வைத்தால், வரவேற்பு மேசைக் கணினிக்கு வேண்டிய பிரிண்டர், நேர வலயம், உலாவி, தமிழ்99 விசைப்பலகை எல்லாம் அரை மணியில் தானாக வந்துவிட வேண்டும். அதற்காக நாலுக்கும் எழுதி வைத்திருக்கிறேன்.

என்னென்ன கருவிகள் இருக்கின்றன?

மூத்தது சிஎஃப்எஞ்சின். 1993இல் ஒஸ்லோவில் மார்க் பர்ஜெஸ் என்ற இயற்பியல் ஆய்வாளர், தன் பல்கலைக்கழகத்து யுனிக்ஸ் கணினிகளைச் சமாளிக்கச் செய்தது. 2005இல் லூக் கேனிஸ் பப்பெட்டைக் கொண்டுவந்தார். ஆடம் ஜேக்கப்பின் செஃப் 2009, தாமஸ் ஹாட்சின் சால்ட் 2011, மைக்கேல் டிஹானின் அன்சிபிள் 2012. பப்பெட்டுக்கும் செஃப்புக்கும் ரூபி வாசனை, சால்ட்டுக்கும் அன்சிபிளுக்கும் பைத்தன் வாசனை. செஃப்பில் ரூபி தெரியாமல் தூரம் போக முடியாது. பப்பெட்டுக்குத் தனி மொழி உண்டு. மற்ற இரண்டிலும் யாம்ல் கோப்புகள். அதாவது இடைவெளி விட்டு உள்ளே தள்ளி எழுதுகிற சாதாரண எழுத்துக் கோப்பு.

டெராஃபார்ம் பற்றியும் கேட்கிறார்கள். அது மேகத்தில் சேர்வர்களை உருவாக்குகிற கருவி. மேசையில் இருக்கிற பழைய டெல் பெட்டிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இவற்றில் எதை வைத்துத் தேர்வது?

இணையத்தில் கிடைக்கிற ஒப்பீடுகள் அனேகமாக மொழி எது, மொட்யூல் எத்தனை, எத்தனை ஆயிரம் சேர்வர் தாங்கும் என்று தொடங்கும். அவை 24 மணி நேரமும் ஓடுகிற, நல்ல குளிரில் வைத்திருக்கிற சேர்வர்களை மனதில் வைத்து எழுதியவை. நான் முதலில் கேட்பது வேறு: உங்கள் கணினிகள் எப்போது உயிரோடு இருக்கும்?

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணினிகள் பாடவேளையில் மட்டும் ஓடும். அதிலும் 22ம் ஒன்றாக ஓடியதை நான் கண்டதில்லை. டியூட்டரிக் கணினிகள் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகுதான் கண் திறக்கும். விடுதிக் கணினிகள் மே முதல் செப்டம்பர் வரையான சீசனில் பகலிரவாக ஓடும். மழை தொடங்கி ஆட்கள் குறைந்தால் ஒன்றைத் தவிர மற்றவை மூடித்தான் கிடக்கும்.

இப்போது கருவிகளைப் பாருங்கள். அன்சிபிள் இயல்பாகத் தள்ளுகிற கருவி. நீங்கள் உங்கள் லப்டொப்பில் கட்டளை கொடுத்தால் அது எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து ஒரு கணினிக்குள் நுழைகிற பாதுகாப்பான இணைப்பு) வழியாக ஒவ்வொரு கணினிக்குள்ளும் போய் வேலையைச் செய்துவிட்டு வரும். தானாக விட்டால் ஐந்து ஐந்தாகப் போகும். அந்த நேரம் மூடிக் கிடந்த கணினிக்கு 'அன்ரீச்சபிள்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அதை மறந்துவிடும். நாளைக்கு அந்தக் கணினி எழும்பினால் அதைத் தேடிப் போக வேண்டியது நீங்கள்.

பப்பெட், செஃப், சிஎஃப்எஞ்சின் மூன்றும் இழுக்கிற கருவிகள். ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் என்ற சிறு நிரல் குந்தியிருக்கும். பப்பெட்டும் செஃப்பும் வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒரு தடவை, சிஎஃப்எஞ்சின் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, 'நான் எப்படி இருக்க வேண்டும்' என்று தாமாகவே பார்த்துக்கொள்ளும். ஒரு மாதம் மூடிக் கிடந்த கணினியும் எழும்பின அன்றைக்கே விட்டதைப் பிடித்துவிடும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் டியூட்டரியில் ஒன்பது கணினிக்கு ஒரு சின்ன மாற்றம் தள்ளப் பார்த்தேன். முதல் நாள் நாலுக்குப் போனது. அடுத்த நாள் ஓட்டும்போது முதல் நாள் கிடைக்காத ஐந்தில் இரண்டு. மூன்றாம் நாள் நான் போய்ச் சேர்வதற்குள் கரண்ட் போய்விட்டது. எந்தக் கணினி எந்த நிலையில் நிற்கிறது என்று கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு திரிந்தேன். கொப்பியில் எழுதத் தொடங்கினால் கருவி தோற்றுவிட்டது என்று அர்த்தம். அந்தக் கிழமையே தள்ளுவதை விட்டு இழுப்பதற்கு மாறினேன்.

இன்னொன்றும் உண்டு. மூதூர் அலுவலகத்தில் இணையம் சிம் போட்ட ரவுட்டரில் வருகிறது. அந்த மாதிரி இணைப்புக்கு வெளியிலிருந்து நேரே தட்டுவதற்கு ஒரு முகவரி அனேகமாகக் கிடைக்காது. உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. தள்ளுகிற கருவிக்கு விபிஎன் போட்டு வழி வெட்ட வேண்டும். இழுக்கிற கருவிக்கு அது தேவையே இல்லை.

அப்படியென்றால் பப்பெட் எடுக்கச் சொல்கிறீர்களா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். பப்பெட்டுக்கு எப்போதும் ஓடுகிற ஒரு சேர்வர் வேண்டும். அது ஜாவாவின் மேல் ஓடுவதால் தனக்கென்று 2 ஜிபி நினைவகத்தை எடுத்து வைத்துக்கொள்ளும். எங்கள் பள்ளிக்கூடத்தில் 4 ஜிபி உள்ள கணினிதான் பெரிய கணினி. அதோடு ஒவ்வொரு கணினிக்கும் சான்றிதழ் கொடுத்து, ஒப்பமிட்டு, பழுதானால் அழித்து, மறுபடி கொடுக்க வேண்டும். முழுநேர ஆள் இருக்கிற இடத்தில், நூறு சேர்வருக்கு மேலே இருந்தால், பப்பெட் நல்ல தெரிவு; அதன் ஒழுங்கும் அறிக்கையும் எனக்குப் பிடிக்கும். மாதம் இரண்டு தடவை வந்து போகிற என்னைப் போன்ற ஆளுக்கு அது யானை கட்டித் தீனி போடுகிற வேலை.

நான் நின்ற இடம்: அன்சிபிளை எடுத்து, அதைத் தள்ளாமல் இழுக்க வைப்பது. 'அன்சிபிள் புல்' என்று ஒரு கட்டளை அதோடேயே வருகிறது.

அன்சிபிள் புல் எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு கணினியிலும் அன்சிபிளையும், கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் என்ற நிரலையும் நிறுவிவிடுகிறோம். கணினி தானே கிட் களஞ்சியத்துக்குப் போய் எழுதிவைத்த கோப்புகளை எடுத்து, தனக்குத் தானே ஓட்டிக்கொள்ளும். நடுவில் சிறப்புச் சேர்வர் எதுவும் இல்லை. களஞ்சியம் எங்கேயும் இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் அது ஆசிரியரின் மேசைக் கணினியில் இருக்கிறது. அந்தக் கணினி ஓடாத நாளில் கூடமும் ஓடாது என்பதால் பிரச்சினையில்லை.

நேரத்தை சிஸ்டம்டி டைமரிடம் (லினக்ஸில் குறித்த நேரத்துக்கு வேலையை ஓட்டுகிற வசதி) கொடுத்திருக்கிறேன்: பூட் ஆகி மூன்று நிமிடம் கழித்து ஒரு தடவை, பிறகு மணிக்கு ஒரு தடவை. அதில் 'ரேண்டமைஸ்டு டிலே' என்று ஒரு வரி உண்டு, அதைப் பத்து நிமிடம் என்று போடுங்கள். இல்லாவிட்டால் பாடம் தொடங்கி ஆசிரியர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டதும் 22 கணினியும் ஒரே நேரத்தில் ஒரே கதவைத் தட்டும். பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஒரு பொறி இருக்கிறது. களஞ்சியத்தில் மாற்றம் இருந்தால் மட்டும் ஓட்டு என்று ஒரு தெரிவு உண்டு. மிச்சம் பிடிக்கலாம் என்று அதைப் போட்டால், பிள்ளைகள் கணினியில் கலைத்து வைத்தது திரும்பவும் சீராகாது. களஞ்சியத்தில் எதுவும் மாறவில்லைதானே, அது பேசாமல் போய்விடும். பள்ளிக்கூடத்தில் கலைவதுதான் அதிகம். அந்தத் தெரிவைப் போடாதீர்கள்.

இணையமே இல்லாத இடத்துக்கு 'கிட் பண்டில்' இருக்கிறது. களஞ்சியம் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டிப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். அங்கே இருக்கிற கணினி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

எல்லாக் கணினியும் தனித்தனியாக மென்பொருள் இறக்கினால் டேட்டா முடிந்துவிடாதா?

முடிந்துவிடும். ஏப்ட் கேச்சர் என்ஜி என்ற சிறிய நிரலை ஒரு கணினியில் போட்டு, மற்றவற்றின் ஏப்ட் (உபுண்டு போன்றவற்றில் மென்பொருள் இறக்குகிற கருவி) அதன் 3142ஆம் போர்ட்டைப் பார்க்கும்படி ஒரு வரி எழுதுங்கள். முதலாவது கணினி இறக்கும்போது அது ஒரு பிரதி வைத்துக்கொள்ளும், மற்ற 21க்கும் உள்ளூரிலேயே கொடுக்கும். என் களஞ்சியத்தில் முதலாவதாக எழுதியிருக்கிற வேலை இதுதான். இது இல்லாமல் மற்ற எதையும் ஓட்டாதீர்கள்.

விண்டோஸ் கணினிகளுக்கு என்ன வழி?

அன்சிபிள் விண்டோஸையும் கவனிக்கும். ஆனால் விண்டோஸிலிருந்து நேரடியாக ஓடாது. ஓட்டுகிற கணினி லினக்ஸாக இருக்க வேண்டும், அல்லது விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டுகிற டபிள்யூஎஸ்எல் என்ற வசதியைப் போட வேண்டும். விண்டோஸ் பக்கம் வின்ஆர்எம் என்ற தூர நிர்வாக வசதி வழியாக, விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லிடம் பேசும். அன்சிபிள் புல் அங்கே ஓடாது. அதனால் விண்டோஸுக்குத் தள்ளுவதுதான், கணினி ஓடுகிற நேரம் பார்த்துத் தள்ளுவதுதான்.

எல்லாம் விண்டோஸ் என்றால் எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங் கொடுக்கிற மைக்ரோசாஃப்டின் குரூப் பாலிசியே பழக்கமான வழி. அதற்குக் கணினிகளை ஒரே குழுவாகச் சேர்க்கிற டொமைன் சேர்வர் வேண்டும், கணினிகளில் புரோ பதிப்பு வேண்டும். ஹோம் பதிப்பு டொமைனில் சேராது. நம் கடைகளில் வாங்குகிற லப்டொப்களில் ஹோம்தான் அதிகம் இருக்கும், வாங்க முதல் பாருங்கள்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது. டியூட்டரியில் ஐந்து கணினி 11க்குப் போக முடியாத பழசு. அவை இப்போது உபுண்டு.

டீப் ஃபிரீஸ் போட்டால் இந்தத் தலையிடி எல்லாம் இல்லையே?

பூட் ஆகும்போதெல்லாம் பழைய நிலைக்குத் திரும்புவது அதன் வேலை, அதை நன்றாகவே செய்யும். பிள்ளைகள் கலைப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் அது போதும். ஆனால் நீங்கள் ஒரு மாற்றம் செய்ய வேண்டுமானால் உருக்கி, மாற்றி, மறுபடி உறைய வைக்க வேண்டும். குளோன்சில்லா போட்டு ஒரே பிம்பத்தை எல்லாவற்றிலும் இறக்குவதும் இதே மாதிரித்தான்: முதல் நாள் எல்லாம் அச்சு வார்த்த மாதிரி இருக்கும், மூன்றாம் மாதம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போயிருக்கும். நான் புதுக் கணினிக்குக் குளோன்சில்லா பாவிக்கிறேன். அதற்குப் பிறகு அன்சிபிள் பார்த்துக்கொள்ளும்.

சால்ட்தான் வேகம் என்கிறார்களே?

வேகம்தான். ஒவ்வொரு கணினியும் மாஸ்டர் என்ற நடுச் சேர்வரின் 4505, 4506 போர்ட்களுக்கு இணைப்பைத் திறந்து வைத்தபடி காத்திருக்கும், கட்டளை கொடுத்த மறுகணம் ஓடும். ஆயிரக்கணக்கில் இருந்தால் அந்த வேகம் தெரியும். 22 கணினியில் நாலு வினாடியா நாப்பது வினாடியா என்று யார் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்? எடுத்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: மாஸ்டரின் அந்தப் போர்ட்களை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். 2020இல் சால்ட்டில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தபோது, அப்படித் திறந்து கிடந்த மாஸ்டர்களுக்குள் சில நாட்களிலேயே ஆட்கள் புகுந்துவிட்டார்கள். மாஸ்டர் போனால் அதன் கீழே இருக்கிற அத்தனையும் போகும்.

கடவுச்சொற்களையும் கிட்டில் வைக்கலாமா?

வெறுமனே வைக்கக் கூடாது. அன்சிபிள் வோல்ட் என்பது கோப்பை ஏஇஎஸ் 256 முறையில் பூட்டி வைக்கிறது. பூட்டிய பிறகு கிட்டில் வைக்கலாம். ஆனால் இழுக்கிற முறையில் ஒரு சிக்கல்: திறப்பு ஒவ்வொரு கணினியிலும் இருக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கிற கணினியில் திறப்பை வைப்பது, கதவைப் பூட்டித் திறப்பைக் கால்மிதிக்குக் கீழே வைக்கிற கதைதான். அதனால் பள்ளிக்கூடக் களஞ்சியத்தில் இரகசியம் என்று எதையும் வைப்பதில்லை. எஸ்எஸ்எச்சுக்குப் பொதுத் திறப்பு மட்டும் போகிறது, அது யார் கண்டாலும் பரவாயில்லை.

நீங்கள் செய்த ஆகப் பெரிய பிழை என்ன?

மூதூர் அலுவலகம். அந்த நேரம் இழுக்கிற முறைக்கு மாறவில்லை. வயர்கார்ட் என்ற விபிஎன் வழியாக வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தேன். எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நுழைவை நிறுத்தலாம் என்று அதன் செட்டிங் கோப்பில் ஒரு வரி மாற்றினேன். வரியில் ஒரு எழுத்து விடுபட்டுவிட்டது. கோப்பு மாறினால் சேவையை மறுதொடக்கம் செய் என்று எழுதியிருந்தேன். ஆறு கணினியிலும் கோப்பு மாறியது, சேவை நின்றது, பிழையான வரியைக் கண்டதும் மறுபடி எழும்ப மாட்டேன் என்றது. ஆறுக்கும் சிவப்பில் 'ஃபெயில்டு'.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அன்சிபிள் ஒரு தடவை திறந்த எஸ்எஸ்எச் இணைப்பை வேலை முடிந்த பிறகும் 60 வினாடி மூடாமல் வைத்திருக்கும். சேவை செத்தாலும் ஏற்கெனவே திறந்த அந்த இணைப்பு சாகாது. அந்த ஒரு நிமிடத்துக்குள் எழுத்தைத் திருத்தி மறுபடி ஓட்டியிருந்தால் ஆறு கதவும் திறந்திருக்கும். நான் கட்டளையைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போயிருந்தேன்.

அடுத்த நாள் காலை பஸ். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததற்கு அன்றைக்கு நன்றி சொன்னேன், இல்லாவிட்டால் படகில் போயிருக்க வேண்டும். ஒவ்வொரு கணினியின் முன்னாலும் குந்தி ஒரே ஒரு எழுத்தைத் தட்டச்சு செய்தேன். ஆறு எழுத்துக்கு ஒரு நாள்.

அதற்குப் பிறகு மூன்று பழக்கம். ஒன்று, இந்த மாதிரிக் கோப்புகளுக்கு 'வேலிடேட்' என்ற வரியைப் போடுவது. புதுக் கோப்பை எஸ்எஸ்எச் சேவையிடமே முதலில் காட்டிச் சரி பார்க்கும், பிழை என்றால் பழைய கோப்பில் கை வைக்காது. இரண்டு, தள்ளுவதாக இருந்தால் 'சீரியல் 1'. ஒரு கணினியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். முதலாவது விழுந்தால் அங்கேயே நிற்கும். மூன்று, ஓட்ட முதல் 'செக்', 'டிஃப்' இரண்டையும் போட்டு என்ன மாறப் போகிறது என்று பார்ப்பது. இழுக்கிற முறையில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் பிழையும் தானாகவே எல்லா இடமும் போய்ச் சேரும், நீங்கள் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் நம்பர் கணினி மட்டும் களஞ்சியத்தில் 'சோதனை' என்று தனியாக வைத்திருக்கிற கிளையை இழுக்கும். அது இரண்டு நாள் நன்றாக இருந்தால்தான் மற்றவை இழுக்கிற கிளைக்கு மாற்றத்தைக் கொண்டுபோவேன்.

எங்கள் கணினிகள் மிகப் பழசு. ஓடுமா?

இரண்டு இடத்தில் இடறும். முதலாவது பைத்தன். அன்சிபிள் கோர் 2.17 முதல், தள்ளப்படுகிற கணினியிலும் பைத்தன் 3.7 அல்லது அதற்கு மேல் வேண்டும். உபுண்டு 18.04இல் இருப்பது 3.6. இயங்குதளத்தைப் புதுப்பியுங்கள், அல்லது பழைய அன்சிபிளோடு நில்லுங்கள்.

இரண்டாவது யாரும் எதிர்பார்க்காதது: மதர்போர்டில் இருக்கிற நாணயம் மாதிரியான சின்னப் பேட்டரி. அது செத்தால் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி பிழைத்தால் சான்றிதழ்கள் 'இன்னும் தொடங்கவில்லை' என்று கணினி நம்பும். கிட் இணையத்திலிருந்து இழுக்காது, பப்பெட் தன் சேர்வரோடு பேசாது. வருகிற பிழைச் செய்தியைப் பார்த்து வலையமைப்பில் கோளாறு என்று நினைத்து அரை நாள் தேடுவீர்கள். முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரியின் பெயர் சிஆர் 2032, கைக்கடிகாரம் திருத்துகிற கடையில் கேட்டாலே கிடைக்கும்.

தமிழில் எழுதலாமா?

வேலைகளின் பெயரும் குறிப்புகளும் தமிழில் எழுதலாம், நான் அப்படித்தான் எழுதுகிறேன். ஓட்டும்போது திரையில் 'பாமினி எழுத்துருவை வை' என்று தமிழிலேயே வரும். மாறிகளின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள், தமிழை அன்சிபிள் ஏற்காது. யாம்லில் உள்ளே தள்ளுவதற்கு டாப் விசையைத் தட்டக் கூடாது; இடைவெளி விசைதான். புதிதாக வருகிறவர்களின் பிழைகளில் பாதி இதுதான்.

நிக்ஸ்ஓஎஸ்?

அது ஒரு லினக்ஸ் வகை. அழகான யோசனை. முழு இயங்குதளமும் ஒரு கோப்பிலிருந்து பிறக்கிறது, பிழைத்தால் முந்தைய நிலைக்கு ஒரு பூட்டில் திரும்பலாம். என் சொந்த லப்டொப்பில் ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் வைக்க மாட்டேன், எனக்குப் பிறகு அதைத் தொட ஊரில் ஆள் தேட வேண்டும்.

இந்தக் கருவிகளை விற்கிற நிறுவனங்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றனவே, நம்பலாமா?

மாறித்தான் வருகின்றன. அன்சிபிளை 2015இல் ரெட் ஹாட் வாங்கியது, ரெட் ஹாட்டை 2019இல் ஐபிஎம் வாங்கியது. செஃப் 2020இல் புரோகிரஸிடம் போனது. சால்ட் அதே வருடம் விஎம்வேரிடம் போய், 2023இல் விஎம்வேரோடு சேர்ந்து பிராட்காமிடம் போனது. பப்பெட் 2022இல் பெர்ஃபோர்ஸிடம். பிறகு பப்பெட்டின் வெளியீட்டு முறையை மாற்றப் போகிறோம் என்று அவர்கள் அறிவிக்க, பயனர் சமூகம் ஓபன்வாக்ஸ் என்ற பெயரில் தனியாகக் கிளை பிரித்துக்கொண்டது. திறந்த மூலமாக இருப்பதன் பலன் அதுதான், வீட்டுக்காரர் மாறினாலும் குடியிருப்பவர் சாமானை எடுத்துக்கொண்டு போகலாம். நம் அளவுக்குக் கருவி மாறினாலும் பெரிய நட்டமில்லை. என்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல் கையில் இருந்தால், அதை வேறு மொழியில் எழுத இரண்டு வார இறுதி போதும்.

இழுக்கிற முறையில், எந்தக் கணினி ஒழுங்காக ஓடியது என்று எப்படித் தெரியும்?

இதுதான் அந்த முறையின் பலவீனம். தள்ளினால் சிவப்பும் பச்சையும் கண் முன்னால் தெரியும். இழுத்தால் ஒவ்வொரு கணினியும் தன் பாட்டில் வெல்லும், தன் பாட்டில் தோற்கும். பெரிய இடங்களில் இதற்குக் கண்காணிப்புப் பலகை வைப்பார்கள். நான் செய்தது சின்ன வேலை: எல்லாம் பிழையின்றி முடிந்தால், கடைசி வேலையாக அன்றைய தேதியை நுழைவுத் திரையில் கணினியின் நம்பருக்குப் பக்கத்தில் எழுதிவிடும். நடுவில் விழுந்தால் பழைய தேதியே நிற்கும்.

கூடத்துக்குப் பொறுப்பான ஆசிரியைக்கு அன்சிபிள் என்ற பெயரே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஒரு நாள் கோல் எடுத்தார். "தம்பி, பதினாலாம் நம்பர் மட்டும் போன செவ்வாயோட நிக்குது, மற்றதெல்லாம் இண்டைக்குத் தேதி காட்டுது."

"சரி மிஸ், நாளைக்கு வாறன்."

போய்ப் பார்த்தால் அலுமாரிக்குப் பின்னால் வலைக்கம்பியை எலி கடித்திருந்தது.